“எதுவும் இல்லைங்க டாக்டர்”

பல் பிடுங்கப் போயிருந்தேன். மரத்துப்போக ஊசி போடுவதற்கு முன்னால் பல் மருத்துவர் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். 152/98. பத்து நிமிடம் சும்மா உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தார். 148/96. ஊசி என்றால் பயம் என்று நானே சிரித்துச் சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“தினமும் ஏதாவது மாத்திரை எடுத்துக்கறீங்களா?”

“எதுவும் இல்லைங்க டாக்டர்.”

அந்த நேரத்தில் என் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. பத்தில் ஏழு குழி காலி. எட்டாவதை அன்று இரவு போட்டுக்கொள்ள வேண்டும்.

பொய் சொல்லும் எண்ணம் எனக்குக் கொஞ்சமும் இல்லை. அலர்ஜி மாத்திரை என் கணக்கில் மருந்தாகவே இல்லை, அவ்வளவுதான். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் சாப்பிடுவது மருந்து. இது பல் தேய்ப்பது மாதிரி. காலையில் எழுந்ததும் பதினைந்து தும்மல், அப்புறம் மூக்கொழுகல், அதற்கும் அப்புறம் இரண்டு துவாரமும் அடைத்து வாயால் மூச்சு. இந்த வரிசையை நிறுத்த காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஆறு வருடம். அதை ஒரு மாத்திரை என்று எண்ணத் தோன்றவே இல்லை.

பல்லை அன்று பிடுங்கவில்லை. பிரஷருக்கு ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த இரண்டாவது டாக்டர் கேட்ட விதம் வேறு. “மாத்திரை” என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை. “பையில, மேசை டிராயர்ல, கட்டில் பக்கத்துல என்னவெல்லாம் இருக்கு?” என்றார். அட்டையை எடுத்து நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். லொராடடின் 5 மில்லிகிராம். சூடோஎஃபெட்ரின் சல்ஃபேட் 120 மில்லிகிராம்.

“இதுல ரெண்டு மருந்து இருக்கு, தெரியுமா? முதலாவது எனக்குப் பிரச்சினை இல்லை. ரெண்டாவதை எத்தனை நாளா சாப்பிடறீங்க?”

நாள் கணக்கா என்று நினைத்துக்கொண்டேன். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் குடைந்து, ஆறு வருடத்தில் ஒருமுறைகூடப் பிரிக்காத அந்த மடிப்புத் தாளைப் பிரித்தேன். 7 நாட்களுக்குள் குறையாவிட்டால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள் என்று அதில் இருந்தது. ஆறு வருடம் என்பது சுமார் 312 வாரம்.

*

இரண்டு மருந்தை ஏன் ஒரே மாத்திரையில் அடைக்கிறார்கள்? இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தூசியோ மகரந்தமோ மூக்குக்குள் போனதும் உடம்பு ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகிறது. அரிப்பு, தும்மல், தண்ணீராக ஓடும் மூக்கு, கண் எரிச்சல் எல்லாம் அதன் வேலை. லொராடடின் போன்ற ஆன்டிஹிஸ்டமின் போய் ஹிஸ்டமின் உட்கார வேண்டிய இடத்தில் முந்தி உட்கார்ந்துகொள்கிறது. தும்மல் நிற்கிறது. ஆனால் மூக்கடைப்பின் கதை வேறு. மூக்கின் பக்கச் சுவரில் சதைத் திட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் ரத்தக் குழாய்கள் ரத்தம் நிரம்பி உப்பிக்கொள்வதுதான் அடைப்பு. சளி அடைத்திருக்கிறது என்று நினைத்து எவ்வளவு சிந்தினாலும் ஒன்றும் வராததற்குக் காரணம் இதுதான். இந்த வீக்கத்தில் ஹிஸ்டமினோடு வேறு பல ரசாயனங்களுக்கும் பங்கு உண்டு. அதனால் ஆன்டிஹிஸ்டமினால் இங்கே பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை.

அந்தக் குறையை நிரப்பத்தான் சூடோஎஃபெட்ரின். அது நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தை வெளியேற்றி ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சதைத் திட்டு வற்றுகிறது, மூச்சு வருகிறது. மாத்திரைப் பெயருக்குப் பின்னால் ‘டி’ என்று ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும் பெட்டிகளில் பெரும்பாலும் இந்தக் கூட்டாளிதான் இருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், விழுங்கிய மாத்திரைக்கு மூக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. போன இடத்திலெல்லாம் குழாயைச் சுருக்குகிறது, இதயத்தைக் கொஞ்சம் வேகமாக ஓடச் சொல்கிறது, மூளையைத் தூங்கவிடாமல் தட்டி எழுப்புகிறது. வருடக்கணக்காக எனக்கு ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வரும். நெஞ்சு லேசாகப் படபடக்கும். வேலைக் கவலை, வயது, சாயங்காலம் குடித்த காபி என்று ஒவ்வொன்றாகப் பழி போட்டிருக்கிறேன். படுக்கப் போகும்போது 120 மில்லிகிராம் ஊக்க மருந்தை நானே விழுங்கிவிட்டுப் படுத்தேன் என்பது மட்டும் பட்டியலில் வரவில்லை.

ஊக்க மருந்து என்று மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எஃபெட்ரா என்ற செடியிலிருந்து 1885-இல் நாகாய் நாகயோஷி என்ற ஜப்பானிய வேதியியலாளர் பிரித்தெடுத்த எஃபெட்ரினுக்கு இது உடன்பிறப்பு. மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளை இதிலிருந்து காய்ச்ச முடியும். அமெரிக்காவில் 2006 முதல் இதைக் கவுன்டருக்குப் பின்னால் வைத்து, அடையாள அட்டை பார்த்து, அளந்து விற்பது அதற்காகத்தான். சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனிய ஜிம்னாஸ்ட் ஆண்ட்ரியா ரடுகான் தங்கப் பதக்கத்தை இழந்ததும் ஜலதோஷ மாத்திரையில் இருந்த இதே சூடோஎஃபெட்ரினால்தான். போதைக்காரர்களுக்காகத்தான் பூட்டி வைக்கிறார்கள், நமக்கென்ன என்ற நினைப்பு எனக்கு இருந்தது. பூட்டின் காரணம் அதுதான், சரி. ஆனால் பூட்டு இல்லாவிட்டாலும் பிரஷர்காரன் யோசித்துத் தொட வேண்டிய பொருள் அது.

*

இனி எண்களுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு முதலில் டாக்டர் மேலேயே சந்தேகம் வந்தது.

சூடோஎஃபெட்ரினை வைத்து நடந்த 24 சோதனைகளை, மொத்தம் 1285 பேரை, ஒன்றாகச் சேர்த்து அலசிய ஒரு ஆய்வு 2005-இல் வெளியானது. அதில் மேல் பிரஷர் சராசரியாகக் கூடியது சுமார் 1 புள்ளி. நாடித்துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 3. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றுகிறதல்லவா, எனக்கும் தோன்றியது. மாத்திரையைத் தொடர நல்ல சாக்கு கிடைத்ததென்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

அப்புறம்தான் மெதுவாக உறைத்தது. சராசரி என்பது எல்லாரையும் கலந்து அடித்த கணக்கு. ஒருவருக்கு ஒன்றுமே ஏறாது, இன்னொருவருக்குப் பத்துப் புள்ளி ஏறும், சராசரி சாதுவாக உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, அவை வருடக்கணக்கில் தினமும் விழுங்கியவர்களைப் பின்தொடர்ந்த சோதனைகள் அல்ல. நான் செய்துகொண்டிருந்ததை யாரும் சோதித்துப் பார்த்து “பரவாயில்லை, தொடருங்கள்” என்று சொல்லிவிடவில்லை. பாதுகாப்பானது என்பதும், நீண்ட காலத்துக்குப் பாதுகாப்பானது என்று நிரூபிக்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல.

அதனால் என்னையே அளந்து பார்த்தேன். வீட்டில் பிரஷர் கருவி வாங்கி, காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று ஒரு வாரம் மாத்திரையோடு எழுதினேன். சராசரி 146/94. அப்புறம் டாக்டர் சொன்னபடி கூட்டு மாத்திரையை நிறுத்திவிட்டு வெறும் லொராடடின் மட்டும். மூன்றாவது வாரத்தில் சராசரி 137/88.

மாத்திரைதான் முழுக் குற்றவாளி என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. 137/88 ஒன்றும் கொண்டாட வேண்டிய எண் இல்லை. எனக்கு பிரஷர் இருக்கத்தான் இருந்தது, இப்போது அதற்கு மருந்து சாப்பிடுகிறேன். கீழே இருந்த நெருப்பை அந்த மாத்திரை ஊதிக்கொண்டிருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். அதைக்கூட ஓர் ஆளின் நோட்டுப் புத்தகத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. தூக்கத்தைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. நான்காவது இரவே மூன்று மணி விழிப்பு நின்றுபோனது.

அபூர்வமாக நடக்கும் பெரிய ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். மூளையின் ரத்தக் குழாய்கள் திடீரென்று இறுகிக்கொள்ளும், அல்லது மூளை வீங்கிக்கொள்ளும் இரண்டு நிலைகளைப் பற்றி ஐரோப்பிய மருந்து முகமை 2023-இல் சூடோஎஃபெட்ரினை மறு ஆய்வு செய்தது. கட்டுக்குள் இல்லாத அல்லது மிக அதிகமான பிரஷர் உள்ளவர்களும், கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களும் தொடவே கூடாது என்று முடிவானது. மிக மிக அரிது என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் இதைச் சாப்பிட்டிருக்கும்போது இடி விழுந்த மாதிரி திடீர்த் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு வந்தால் மூக்கைப் பற்றி யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இந்தக் குடும்பத்துக்கு முன்கதையும் உண்டு. ஃபினைல்புரோப்பனோலமின் என்று ஒன்று பல ஆண்டுகள் ஜலதோஷ மாத்திரைகளிலும் பசி குறைக்கும் மாத்திரைகளிலும் இருந்தது. பெண்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்தோடு அதற்குத் தொடர்பு இருப்பதை யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியதும், 2000-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. அப்புறம் சூடோஎஃபெட்ரினும் கவுன்டருக்குப் பின்னால் போனதும், அந்த இடத்துக்கு ஃபினைலெஃப்ரின் வந்தது. இது ஒரு வேடிக்கை. வாய்வழியாகச் சாப்பிடும் ஃபினைலெஃப்ரினில் பெரும்பகுதி குடல் சுவரிலும் கல்லீரலிலுமே சிதைந்துவிடுகிறது. மூக்கு வரை வந்து சேருவது சொற்பம். 2023 செப்டம்பரில் அமெரிக்க நிபுணர் குழுவில் 16 பேரும் ஒருமனதாக, வழக்கமான அளவில் இது மூக்கடைப்புக்கு வேலை செய்யவில்லை என்று வாக்களித்தார்கள். 2024 நவம்பரில் அதை நீக்கும் முன்மொழிவும் வந்தது. ஆக, கூட்டு மாத்திரையில் கூட்டாளி யார் என்பதைப் பொறுத்து, ஒன்று ஆபத்தை விழுங்குகிறோம், இல்லையென்றால் சுண்ணாம்பை.

*

சரி, முதல் மருந்து, அந்த ஆன்டிஹிஸ்டமின்? அதை வருடக்கணக்கில் சாப்பிடலாமா?

எந்தத் தலைமுறை என்று கேட்க வேண்டும். செட்டிரிசின், லொராடடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற பிந்திய தலைமுறை மருந்துகள் மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை. தீராத தோல் தடிப்பு உள்ளவர்கள் மாதக்கணக்காகத் தினமும் சாப்பிடுகிறார்கள், சில சமயம் மருத்துவர் மேற்பார்வையில் நான்கு மடங்கு அளவில்கூட. செட்டிரிசினைச் சின்னக் குழந்தைகளுக்கு 18 மாதம் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த ஆய்வும் உண்டு. நம் கேள்விக்குத் தைரியமான பதில் கிடைப்பது இங்கேதான். இதற்காக அவை முழுச் சாதுக்கள் என்று அர்த்தமில்லை. செட்டிரிசின் சிலரைத் தூங்கவைக்கும். ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாறோடு விழுங்கினால் அதன் வேலை குறையும், தண்ணீர்தான் சரி. அப்புறம், 2025 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு புது எச்சரிக்கை கொடுத்தது. செட்டிரிசினையோ லீவோசெட்டிரிசினையோ நெடுநாள் தினமும் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், சிலருக்குச் சில நாட்களில் உடம்பெல்லாம் தாங்க முடியாத அரிப்பு வருகிறது. அரிது, ஆனால் கடுமை. இதில் இருக்கும் கண்கட்டு வித்தையைப் பாருங்கள். நிறுத்தியதும் அரிக்கிறது, அலர்ஜி திரும்பிவிட்டது என்று மறுபடி ஆரம்பிக்கிறோம், அரிப்பு நிற்கிறது, மாத்திரை இல்லாமல் வாழவே முடியாது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

பழைய தலைமுறை வேறு ரகம். குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின். நேராக மூளைக்குள் போகும். காலையில் தலை பஞ்சு மாதிரி இருக்கும். கூடவே அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தையும் தடுப்பதால் வாய் வறளும், மலச்சிக்கல் வரும், வயதானவர்களுக்கு ஞாபகம் தடுமாறும். 65 வயது தாண்டிய 3434 பேரைப் பின்தொடர்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், இப்படிப்பட்ட மருந்துகளை அதிகமாகவும் நெடுநாளாகவும் சாப்பிட்டவர்களிடம் மறதிநோய் கூடுதலாகத் தெரிந்தது. மருந்துதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் முதியவர்களுக்கு இவற்றைத் தவிர்க்கச் சொல்ல அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்துக்கு அதைவிட எளிய காரணங்களே போதுமாக இருக்கின்றன: தள்ளாட்டம், விழுதல், குழப்பம்.

இன்னொரு காரணத்தை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

என் பல் விவகாரத்துக்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது இது. அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, பிராஸ்டேட் வீக்கம் உண்டு. ஒரு நாள் இரவு கட்டிலுக்கும் பாத்ரூமுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். கதவைத் திறந்துகொண்டு வருவார், உட்காருவார், மறுபடி எழுவார். விடிகாலையில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஒரு சொட்டு வரலைடா” என்றார். தொட்டுப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே ஒரு பந்து மாதிரி கெட்டியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டதும் பை நிறைந்துகொண்டே போனது. கிட்டத்தட்ட ஒரு லிட்டர். அப்பா கண்ணை மூடிக்கொண்டு “அப்பாடா” என்றதை மறக்க முடியாது.

அங்கேயும் கேட்டார்கள், புதிதாக என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று. அப்பாவும், “ஒண்ணும் இல்லையே” என்றார். வீட்டுக்கு வந்த பிறகுதான் நானே கேட்டேன்.

“ஜலதோஷத்துக்கு ஏதாவது போட்டீங்களாப்பா?”

“அது போட்டேன்டா. ரெண்டு நாளா மூக்கு அடைச்சுதுன்னு. அதெல்லாம் ஒரு மாத்திரையா?”

பழைய ஆன்டிஹிஸ்டமினும் அடைப்பு நீக்கியும் சேர்ந்த கூட்டு அது. ஒன்று சிறுநீர்ப்பை சுருங்கும் பலத்தைக் குறைக்கிறது, மற்றொன்று வெளியேறும் வாயை இறுக்குகிறது. தள்ளவும் ஆளில்லை, கதவும் பூட்டு. ஏற்கெனவே பிராஸ்டேட் நெருக்கும் இடத்தில் இது போதும். இவ்வளவையும் கண்ணால் பார்த்த பிறகும் என் பையில் இருந்த அட்டையைத் திருப்பிப் படிக்க எனக்குத் தோன்றவில்லை. அப்பா சாப்பிட்டது ஜலதோஷ மாத்திரை, நான் சாப்பிடுவது அலர்ஜி மாத்திரை. அப்படித்தான் பிரித்து வைத்திருந்தேன்.

இதே காரணங்களால் குறுகிய கோணக் கண் அழுத்த நோய் உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்கள், தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள் எல்லாரும் கூட்டு மாத்திரைக்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள். மனச்சோர்வுக்கு எம்.ஏ.ஓ. தடுப்பான் வகை மருந்து சாப்பிடுபவர்களுக்கும், அதை நிறுத்தி இரண்டு வாரம் ஆகாதவர்களுக்கும் கண்டிப்பாக ஆகாது. அலர்ஜி மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜலதோஷம் வந்து, அதற்கென்று இன்னொரு மாத்திரை வாங்கினால், ஒரே மருந்து இரட்டை அளவில் உள்ளே போகும். அதுவும் நடக்கிற விஷயம்தான்.

*

கூட்டாளியை விட்ட பிறகு அடைப்புக்கு என்ன செய்தேன்?

முதல் தப்பு: அடைப்பு நீக்கும் ஸ்பிரே வாங்கி அடித்தேன். ஐந்தே நிமிடத்தில் மூக்கு திறந்தது. சொர்க்கம். ஆறாவது நாள் மருந்து இறங்கியதும் முன்னைவிட மோசமாக அடைத்தது. மறுபடி அடித்தால்தான் திறக்கும். ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் வகையை மூன்று நாளுக்கு மேல் போடக் கூடாது என்பது இதற்காகத்தான். டாக்டரிடம் சொன்னதும் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

அவர் கொடுத்தது ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் பதறினேன். ஆறு வருடம் ஊக்க மருந்தைப் பதறாமல் விழுங்கியவன்! தொடர்ந்து இருக்கும் மூக்கு அலர்ஜிக்கு இதுதான் முதல் வரிசை மருந்து, அடைப்பையும் சேர்த்துக் குறைப்பது, மூக்கிலேயே வேலை செய்வதால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்று விளக்கினார். ஒரே குறை, உடனே தெரியாது. முழுப் பலனுக்கு இரண்டு வாரம்கூட ஆகும். பலர் நான்காவது நாளே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். நானும் போட்டிருப்பேன், அந்த நோட்டில் தேதி எழுதிக்கொண்டிருக்காவிட்டால்.

அடிக்கும் விதமும் முக்கியம். இடது துவாரத்துக்கு வலது கை, வலது துவாரத்துக்கு இடது கை. முனை நடுச் சுவரைப் பார்க்காமல் வெளிப்பக்கம், அந்தப் பக்கத்துக் காதை நோக்கி இருக்க வேண்டும். தலையைப் பின்னால் சாய்க்காமல் லேசாகக் குனிந்து, மெதுவாக உறிஞ்ச வேண்டும். தொண்டையில் கசப்பு வந்தால் மருந்து மூக்கில் தங்காமல் வயிற்றுக்குப் போகிறது என்று அர்த்தம். நான் முதல் வாரம் நடுச் சுவரிலேயே அடித்து ரத்தம் வரவைத்துக்கொண்டேன். கைமாற்றிப் பிடித்ததும் நின்றது. இதோடு உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுகிறேன். கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர்தான், குழாய்த் தண்ணீரை நேராக மூக்குக்குள் விடக் கூடாது.

பன்னிரண்டாவது நாள் காலையில் எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் வாய் மூடியே இருப்பதைக் கவனித்தேன். எப்போது திறந்தது என்று தெரியவில்லை. அடைப்பு நீங்கியது இருந்தாற்போல் நடந்துவிட்டது, மாத்திரை போட்டால் வரும் அந்த ‘பளிச்’ இல்லாமல்.

மூன்று மாதம் கழித்துப் பல்லைப் பிடுங்கினார்கள். அன்று பிரஷர் 128/82. “தினமும் ஏதாவது மாத்திரை?” என்றார் அதே பல் மருத்துவர். பிரஷர் மாத்திரை, லொராடடின், மூக்கு ஸ்பிரே என்று மூன்றையும் அளவோடு ஒப்பித்தேன். எழுதிக்கொண்டே, “போன தடவை எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கே?” என்று தலையைத் தூக்கினார். அதற்குள் வாயில் பஞ்சு வைத்துவிட்டார்கள்.